மனித முகம் பூண்ட எந்திரங்கள்: 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா'வும் தமிழ் அறிபுனைவும்

ஆய்வுச்சுருக்கம்

1978இல் வெளிவந்த 'பேட்டில்ஸ்டார் கலாக்டிகா' என்னும் அமெரிக்க அறிபுனைவுத் தொடர் 2003இல் மறுதொடக்கம் பெற்றபோது, அதன் உலோக எந்திரங்கள் மனிதரிலிருந்து பிரித்தறிய இயலாத உருவம் பெற்றன. அம்மாற்றம் எழுப்பிய வினாக்களைச் சுஜாதாவின் 'என் இனிய இயந்திரா', 'எந்திரன்', '2.0' ஆகிய தமிழ்ப் படைப்புகளோடு வைத்து இக்கட்டுரை ஆராய்கிறது. மறுதொடக்கத் தொடரில் மனித முகம் ஊடுருவலின் கருவி. தமிழ்ப் படைப்புகளில் அது ஆள்வோனின் அல்லது உடைமையாளனின் முகம் என்பது கட்டுரையின் கருதுகோள். இவ்வேறுபாட்டினால் தமிழ் அறிபுனைவில் எந்திரனின் உழைப்பு பேசப்படாமல் போகிறது என்பதும், திருவள்ளூர் – கும்மிடிப்பூண்டித் தொழிற்பகுதியின் சூழலில் அம்மௌனம் பொருட்படுத்தத்தக்கது என்பதும் விளக்கப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: அறிபுனைவு, மனிதவுரு எந்திரன், சைலான், சுஜாதா, இரட்டை வேடம், உழைப்பு, கும்மிடிப்பூண்டி.

முன்னுரை

மறுதொடக்கம் என்னும் சொல் கணிப்பொறியிலிருந்து கலைத்துறைக்கு வந்தது. நின்றுபோன கருவியை அணைத்து மீண்டும் இயக்குவது அதன் முதற்பொருள். கதைக்கு அச்சொல்லைப் பொருத்தும்போது, முன்னைக் கதையின் பெயரும் மாந்தரும் தங்க, அடிப்படை விதிகள் மட்டும் புதிதாக எழுதப்படுகின்றன. கிளென் லார்சன் உருவாக்கிய பழைய தொடரை ரொனால்டு மூர் 2003ஆம் ஆண்டு டிசம்பரில் குறுந்தொடராகவும், 2004 முதல் 2009 வரை முழுத்தொடராகவும் மறுதொடக்கம் செய்தபோது மாற்றிய விதி ஒன்றே ஒன்றுதான் எனலாம். பழைய தொடரின் சைலான்கள் அழிந்துபோன ஊர்வன இனமொன்று விட்டுச்சென்ற உலோகப் போர்வீரர்கள். புதிய தொடரின் சைலான்களையோ மனிதரே படைத்தனர்; வேலை செய்யவும் போரிடவும் படைத்தனர். அவை கிளர்ந்தெழுந்து, போரிட்டு, ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் மறைந்திருந்து, மனித உருவத்தோடு திரும்பி வருகின்றன. பன்னிரண்டு மாதிரிகள், ஒவ்வொரு மாதிரிக்கும் பல படிகள். எஞ்சிய சுமார் ஐம்பதாயிரம் மனிதர் கப்பற்கூட்டமொன்றில் தப்பியோடும்போது, உடன் பயணிப்பவருள் எவர் சைலான் என்பதை ஒருவரும் அறியார்.

இத்தொடர் பற்றிய ஆங்கிலத் திறனாய்வுகள் பெரும்பாலும் அதனை அமெரிக்காவின் ஈராக் போர்க்காலத்தோடு இணைத்துப் படித்தன. அது பொருத்தமான வாசிப்பே. மூன்றாம் பருவத்தில் மனிதரே ஆக்கிரமிக்கப்பட்டவராகித் தற்கொலைத் தாக்குதலில் இறங்குவதைக் காட்டியதன் துணிவை மறுப்பதற்கில்லை. 2009 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் அவையின் தலைமையகத்தில் இத்தொடரை முன்வைத்து மனித உரிமை குறித்த கலந்துரையாடல் நடந்ததும் அவ்வாசிப்பின் செல்வாக்கிற்குச் சான்று. ஆயினும் தமிழ் வாசகருக்கு அத்தொடர் வேறு வழியாகவும் பயன்படக்கூடும். எந்திரத்துக்கு மனித முகம் தரும்போது யாருடைய முகம் தரப்படுகிறது என்பதே அவ்வழி.

உலோகத்திலிருந்து தசைக்கு

மறுதொடக்கத் தொடர் புதுமை செய்தது என்பதைவிட மூலத்துக்குத் திரும்பியது என்பது சரியாக இருக்கும். 'ரோபோ' என்னும் சொல்லை உலகுக்குத் தந்த செக் நாடகாசிரியர் காரெல் சாப்பெக்கின் 'ஆர்.யு.ஆர்.' (1920) நாடகத்தில் வரும் ரோபோக்கள் உலோகத்தால் ஆனவை அல்ல. அவை செயற்கைத் தசையும் நரம்பும் கொண்டவை, பார்வைக்கு மனிதரே. கொத்தடிமை வேலையைக் குறிக்கும் செக் சொல்லிலிருந்து அப்பெயரை எடுத்துக் கொடுத்தவர் சாப்பெக்கின் உடன்பிறந்தாரான ஓவியர் யோசப். ஆக, ரோபோ பிறந்தபோது அதற்கு மனித உருவமும் இருந்தது, கொத்தடிமை என்னும் பெயரும் இருந்தது. தகர உடலும் சதுரத் தலையும் பின்னர் வந்து சேர்ந்தவை. உருவம் மாறியபோது பெயரின் பொருளும் மறந்துபோயிற்று.

அந்நாடகத்தின் ஒரு கூறு இங்குக் குறிப்பிடத்தக்கது. கிளர்ந்தெழுந்த ரோபோக்கள் மனிதரை அழிக்கும்போது ஒருவரை மட்டும் விட்டுவைக்கின்றன. அல்குவிஸ்ட் என்னும் அக்கட்டடப் பொறுப்பாளர் தம்மைப்போலவே கையால் வேலை செய்பவர் என்பதே காரணம். அங்கே உறவைத் தீர்மானிப்பது முகமன்று, கை.

மசாஹிரோ மோரி என்னும் ஜப்பானிய அறிஞர் 1970இல் முன்வைத்த கருத்தொன்று இவ்வகை ஆய்வுகளில் தவறாமல் எடுத்தாளப்படுகிறது. எந்திரம் மனித உருவத்தை நெருங்க நெருங்க விருப்பம் கூடும். மிக நெருங்கியும் சிறிது பிசகும் இடத்தில் அவ்விருப்பம் சட்டென்று அருவருப்பாகச் சரியும் என்பது அக்கருத்து. சைலான்களுக்கு இது பொருந்தாது. அவற்றிடம் பிசகே இல்லை. அவை உண்கின்றன, உறங்குகின்றன, இறைவனை வேண்டுகின்றன, குழந்தைக்கு ஏங்குகின்றன. வேறுபாடு தென்படுவதனால் எழும் அச்சமன்று அது. வேறுபாடு தேடியும் கிடைக்காததனால் எழும் அச்சம். எனவேதான் கப்பற்கூட்டத்தின் மனிதர் வேறுபாட்டைச் சொல்லால் உண்டாக்கிக்கொள்கின்றனர். சைலான்களை 'டோஸ்டர்' என்று சமையலறைக் கருவியின் பெயரால் அழைக்கின்றனர். மனித உருவச் சைலான்களைத் தோல் போர்த்திய பொருள் என்னும் கருத்துப்பட 'ஸ்கின் ஜாப்' என்கின்றனர். 'பிளேடு ரன்னர்' (1982) திரைப்படத்தில் ஏற்கெனவே வழங்கிய வசைச்சொல் அது. பெயர் வைத்தபின் நடப்பது எளிது. லியோபென் என்னும் சைலான் கைதி நீரில் மூழ்கடித்து வினவப்பட்டபின் விண்வெளிக்குள் தள்ளப்படுகிறது. வேறொரு போர்க்கப்பலில் ஆறாம் எண் மாதிரியைச் சேர்ந்த கைதியொருத்தி சிதைக்கப்படுகிறாள். மேலே ஒன்றற்கு அஃறிணையும் மற்றொன்றற்கு உயர்திணையும் வந்தன. தமிழில் எழுதுவோர் வினைமுற்றை முடிக்கும்போதே இவ்வழக்கில் தீர்ப்புச் சொல்லியாக வேண்டியிருக்கிறது. ஆங்கிலம் பிரதிப்பெயரளவில் எதிர்கொள்ளும் இச்சிக்கலைத் தமிழ் ஒவ்வொரு வினையிலும் எதிர்கொள்கிறது. திணைப் பாகுபாட்டைப் பயிற்றும் இலக்கண வகுப்புக்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

பாவையும் பொறியும்

இப்பொருளில் எழுதப்படும் தமிழ்க் கட்டுரைகள் பண்டை இலக்கியத்தில் எந்திரன் இருந்தான் என்று நிறுவ முற்படுவது வழக்கமாகிவிட்டது. சிலப்பதிகாரம் மதுரை மதிலில் அடுக்கும் பொறிகளுள் குரங்கின் உருவில் அமைந்த கருவிரலூகமும், சிரலும், பன்றியும் உள்ளன; சீவகசிந்தாமணியில் மயிற்பொறி வானில் பறக்கிறது. இவை விலங்கும் பறவையுமே. மனித உருவம் என்று தேடினால் கொல்லிப்பாவையே முதலில் நினைவுக்கு வரும். நற்றிணை, குறுந்தொகைப் பாடல்களில் தலைவியின் அழகுக்கு உவமையாக வரும் அப்பாவை, தன் அழகால் ஈர்த்து, நகைத்து, உயிர் கவரும் என்பது பிற்கால வழக்கு. மயக்கும் பெண்ணுருவில் வந்து பேரழிவுக்கு வழிசெய்யும் ஆறாம் எண் மாதிரியோடு அதனை ஒப்பிடும் ஆசை எழுவது இயல்பு. அவ்வொப்பீடு ஓரளவுக்கே செல்லும். கொல்லிப்பாவை எவருக்கும் வேலை செய்யவில்லை. அதனைப் படைத்தவருக்கு எதிராக அது எழவுமில்லை. உரிமை, உடைமை, கூலி ஆகியவற்றைப் பற்றிய வினா அங்கு இல்லாதபோது அதனை எந்திரன் என்பது அப்பாவைக்கும் பெருமை சேர்க்காது, எந்திரனுக்கும் விளக்கம் தராது.

மணிமேகலை இதனினும் பொருத்தமான இடம். பசியால் வருந்திய காயசண்டிகையின் வடிவத்தை மணிமேகலை மந்திரத்தால் மேற்கொள்கிறாள். காயசண்டிகையின் கணவனாகிய விஞ்சையன் காஞ்சனன், அவ்வடிவத்தைத் தன் மனைவி என்றே கொண்டு, அவளைப் பின்தொடர்ந்து வந்த உதயகுமரனை வாளால் வெட்டுகிறான். உண்மையை அவனுக்கு உரைப்பது கந்திற்பாவை, அதாவது தூணில் அமைந்த படிமம். ஒரே முகம் இருவர்மேல் இருந்ததனால் விளைந்த கொலை. அதனைத் தெளிவிப்பது மனித உருவில் சமைத்த ஒரு பொருள். முகத்தை நம்பியவன் பிழைபட, பாவை மெய் சொல்லும் இவ்வமைப்பு, பொறிகளின் பட்டியலைக் காட்டிலும் சைலான் கதைக்கு நெருக்கமானது.

சுஜாதாவின் நாய்

மின்னணுப் பொறியாளராகப் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பணியாற்றி, மின்னணு வாக்குப்பதிவு எந்திரத்தின் உருவாக்கத்தில் முக்கியப் பங்காற்றிய சுஜாதா, 1980களில் ஆனந்த விகடனில் தொடராக எழுதிய 'என் இனிய இயந்திரா' 2020களின் தொடக்கத்தில் நிகழ்வதாக அமைந்தது. அதன் தொடர்ச்சி 'மீண்டும் ஜீனோ'. முதல் நாவல் பின்னர்த் தூர்தர்ஷனில் தொலைக்காட்சித் தொடராகவும் வந்தது. ஜீவா என்னும் ஒற்றை ஆட்சியாளனின் கீழ் இந்தியா. குடிமக்களுக்கு இரண்டெழுத்துப் பெயர். குழந்தை பெறுவதற்கும் அரசின் அனுமதி தேவை. இவ்வுலகில் நிலா என்னும் பெண்ணுக்குத் துணையாக வருவது ஜீனோ என்னும் எந்திர நாய். அது படிக்கிறது, கேலி பேசுகிறது, தருக்கம் செய்கிறது. நாவலில் மனிதப் பண்பு மிகுந்த பாத்திரம் எதுவென்று வாசகரைக் கேட்டால் பெரும்பாலோர் சுட்டுவது அதனைத்தான்.

மறுமுனையில் ஜீவா. நாடே அஞ்சும் அத்தலைவன் உண்மையில் ஒளியால் ஆன ஹோலோகிராம் உருவம் என்பது கதையின் முடிச்சு. அவ்வுருவத்தை இயக்குவோர் வேறு. சிந்திக்கும் எந்திரத்துக்கு நாயின் உருவமும், உள்ளீடற்ற பிம்பத்துக்கு மனித முகமும் சுஜாதா தந்தது தற்செயல் என்று தோன்றவில்லை. திரைமுகம் ஆட்சிமுகமான ஒரு மாநிலத்தில், முதலமைச்சர் நாற்காலியில் திரைநாயகர் ஒருவர் அமர்ந்திருந்த பதிற்றாண்டில் எழுதப்பட்ட நாவல் இது. மனித முகம் என்றால் அதிகாரத்தின் முகம் என்பதை அந்நாவல் நகைச்சுவைத் தொனியில், ஆனால் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லிவிட்டது. இன்னொன்றும் உண்டு. 'ஜீனோ'வும் இரண்டெழுத்துப் பெயரே. குடிமக்கள் பதிவேட்டில் எந்திரமும் மனிதரும் ஒரே அளவு இடத்தையே பெறுகின்றனர். சைலான்களுக்கு எண்ணும், எதிர்த்தரப்பு மனிதருக்குப் பெயரும் தந்த அமெரிக்கத் தொடரைவிடச் சுஜாதாவின் கசப்பு இவ்விடத்தில் கூர்மையானது.

எந்திரன்: இரட்டை வேடத்தின் முடிவு

ஷங்கரின் 'எந்திரன்' 2010 அக்டோபர் 1 அன்று வெளியாயிற்று. எழுத்துப் பங்களிப்பு நல்கிய சுஜாதா 2008 பிப்ரவரியில் மறைந்துவிட்டார். விஞ்ஞானி வசீகரன் தன் முகத்தையே தந்து படைக்கும் சிட்டி, வசீகரனின் காதலி சனாவை விரும்பத் தொடங்குவதும், வெட்டி எறியப்படுவதும், போரா என்னும் மற்றொரு விஞ்ஞானியால் அழிவு நிரல் பொருத்தப்பட்டுத் திரும்புவதும், தன் உருவத்திலேயே நூற்றுக்கணக்கான படிகளை உண்டாக்கிக்கொள்வதும் அனைவரும் அறிந்த கதை. ஒரே முகத்தின் எண்ணற்ற படிகள் என்னும் கற்பனையில் இப்படம் சைலான்களோடு நேரே சந்திக்கிறது. சந்திப்பு அத்துடன் முடிகிறது.

ஆறாம் எண்ணின் முகம் எவருடைய முகமுமன்று. அம்முகத்துக்குக் கதையுலகில் மனித உரிமையாளர் இல்லை. சிட்டியின் முகத்துக்கு உரிமையாளர் இருவர்: கதைக்குள் வசீகரன், கதைக்கு வெளியே ரஜினிகாந்த். தமிழ்ப் பார்வையாளர் இம்முகத்தைக் கண்டதும் எந்திரவியலை அன்று, இரட்டை வேடத்தையே நினைவுகூர்கின்றனர். 'உத்தமபுத்திரன்' (1940, 1958), 'நாடோடி மன்னன்' (1958), 'எங்க வீட்டுப் பிள்ளை' (1965), ரஜினிகாந்தே நடித்த 'பில்லா' (1980) எனத் தொடரும் மரபு அது. அம்மரபில் ஒரு பொதுக்கூறு உண்டு. உயர்ந்த இடத்திலிருப்பவனின் முகத்தையே கொண்ட எளியவன் ஒருவன் அவ்விடத்துக்கு வருகிறான். வந்தபின் அவ்விடத்துக்கு உரியவனைவிடத் தகுதியானவனாகிறான். 'நாடோடி மன்னன்' படத்தில் மன்னனுக்கு மாற்றாக அமரும் நாடோடி, மன்னன் இயற்றாத சட்டங்களை இயற்றுகிறான். முகம் ஒன்றாக இருப்பது அங்கே கீழிருப்பவன் மேலேறும் படி. அவ்வகையில் அது குடியாட்சிக் கற்பனை என்றே சொல்ல வேண்டும்.

'எந்திரன்' அப்படியைக் கழற்றிவிடுகிறது. சிட்டி வசீகரனைவிடச் சமைக்கிறான், சனாவின் தேர்வுக்கு உதவுகிறான், மகப்பேறு பார்க்கிறான், தீயிலிருந்து மக்களை மீட்கிறான். மாற்றாளின் தகுதியை மெய்ப்பிக்கும் காட்சிகள் பழைய இரட்டை வேடப் படங்களைப் போலவே வரிசையாக வருகின்றன. முடிவு மட்டும் தலைகீழ். இடத்தைக் கோரிய மாற்றாள் நீதிமன்ற ஆணைப்படி தன்னைத்தானே கழற்றிக்கொள்கிறான். 2030இல் அருங்காட்சியகத்தில் அவனுடைய உறுப்புகள் காட்சிப்பொருள். சிந்திக்கத் தொடங்கியதே குற்றம் என்று அங்கு வரும் பள்ளிச்சிறுமிக்கு விளக்கம் கிடைக்கிறது. படத்தின் மிகச் சிறந்த நொடி அதுவே. ஆனால் அதற்கு முன் நெடுநேரம் ஓடிய இறுதிச் சண்டை, சிந்தித்தல் என்பதை வெறியாட்டமாகக் காட்டிவிட்டதனால், அந்நொடியின் வலி நகைப்பாகக் கரைந்துபோகிறது.

அவ்விறுதிப் பகுதியில் ஒரு காட்சி தனித்த கவனத்துக்குரியது. படிகளின் கூட்டத்துக்குள் வசீகரன் எந்திரவேடமிட்டு நுழைகிறான். தன் கூட்டத்தில் மனிதன் ஒருவன் கலந்திருப்பதை உணர்ந்த சிட்டி, ஒரே முகத்தோடு வரிசையில் நிற்போரிடையே அவனைத் தேடுகிறான். மறுதொடக்கத் தொடரின் அடிப்படைக் காட்சி இங்குக் கண்ணாடியில்போல் இடவலம் மாறியிருக்கிறது. அங்கு மனிதக் கூட்டத்தில் மறைந்த எந்திரத்தைத் தேடும் சோதனை. இங்கு எந்திரக் கூட்டத்தில் மறைந்த மனிதனைத் தேடும் சோதனை. அங்குச் சோதனைக் கருவியை வடிவமைத்த கையஸ் பால்டார், ஷேரன் என்னும் விமானி சைலான் என்பதைக் கண்டபின்னும் அவளிடம் அவள் மனிதப்பெண் என்றே பொய் சொல்கிறான். தான் யார் என்பதை அறியாத அவள் பின்னர்த் தன் தளபதியைச் சுடுகிறாள். அறிவியல் சோதனையும் அச்சத்தாலும் தன்னலத்தாலும் திரியும் என்பது அத்தொடரின் கண்டுபிடிப்பு. 'எந்திர'னில் தேடுபவனுக்கு ஐயமில்லை, பார்வையாளருக்கும் இல்லை. வசீகரன் யார், சிட்டி யார் என்பது ஒரு நொடிகூடக் குழம்புவதில்லை. நட்சத்திர நடிப்பின் வெற்றி அது. அறிபுனைவின் இழப்பும் அதுவே. தான் எந்திரன் என்பதை அறியாத எந்திரன் தமிழ்த் திரையில் இன்னும் பிறக்கவில்லை.

'2.0' (2018) சொல்லளவிலும் மறுதொடக்கமே. கழற்றப்பட்ட சிட்டி மீண்டும் பூட்டப்படுகிறான். அப்படத்தில் நிலா என்னும் பெண்ணுருவ எந்திரம் வருகிறது. சுஜாதாவின் நாவலில் எந்திர அரசுக்குள் சிக்கிய மனிதப் பெண்ணின் பெயர், முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு பணிப்பெண் எந்திரத்துக்கு வந்து சேர்ந்திருக்கிறது. அவள் கோரிக்கை எதையும் எழுப்புவதில்லை. எனவே அவளைக் கழற்ற நீதிமன்றமும் தேவைப்படவில்லை. 2022இல் வெளிவந்த 'கூகுள் குட்டப்பா' இவ்வரிசையில் சேராது. மலையாள மூலத்தின் தலைப்பிலேயே 'ஆண்ட்ராய்டு' என்னும் சொல் இருந்தும் அதன் எந்திரம் மனித முகம் அற்றது. ஆயினும் வெளிநாட்டு வேலைக்குப் போன மகனுக்கு மாற்றாக அது முதியவரைப் பேணுகிறது என்னும் வகையில், எந்திரனை மீண்டும் உழைப்போடு இணைத்த படம் அதுதான்.

கும்மிடிப்பூண்டியிலிருந்து

சிட்டியை இராணுவத்துக்குக் கொடுப்பதே வசீகரனின் நோக்கம். படத்தில் அம்முயற்சி தோற்கிறது. மெய்யுலகில் அப்பணிக்கான ஆய்வு திருவள்ளூர் மாவட்டத்து ஆவடியில் நடந்தது. அங்குள்ள போர் ஊர்தி ஆய்வு நிறுவனம் 'முந்த்ரா' என்னும் ஆளில்லாப் போர் ஊர்தியை 2017இல் வெளிப்படுத்தியது. வேவு பார்க்கவும், கண்ணிவெடி தேடவும், அணு – வேதியியல் நச்சு உள்ள பகுதியில் செல்லவும் அதற்குத் தனித்தனி வடிவங்கள் உண்டு. முகம் இல்லை. பட்டைச் சக்கரத்தில் ஊரும் ஊர்தி அது. உலகின் முதல் தொழிலக ரோபோவாகக் கருதப்படும் 'யூனிமேட்', 1961இல் ஜெனரல் மோட்டார்ஸ் ஆலையில் பணிக்கு வந்தபோதும் அது ஒற்றைக் கையாகவே இருந்தது. அச்சிலிருந்து வெளிவரும் சூடான உலோகத் துண்டுகளை எடுத்து வைப்பது அதன் வேலை. உழைக்கும் எந்திரத்துக்கு எவரும் முகம் தருவதில்லை. முகம் தேவைப்படுவது திரையில் மட்டுமே.

கும்மிடிப்பூண்டி, சென்னைக்கு வடக்கே, ஆந்திர எல்லையை ஒட்டியது. சிப்காட் வளாகமும் அதனைச் சூழ்ந்த ஆலைகளும் அதன் அடையாளம். இரும்பை உருக்குவதும் மறுஉருட்டுவதும் இங்கு முதன்மையான தொழில்கள். சிறு மறுஉருட்டு ஆலைகளில் செங்கனலாய் வரும் கம்பியை நீண்ட இடுக்கியால் பற்றி அடுத்த உருளைக்குள் செலுத்துவது மனிதக் கை. அறுபதாண்டுகளுக்கு முன்னரே எந்திரத்திடம் ஒப்படைக்கப்பட்ட வகை வேலை அது. எந்திரம் கிடைக்காததனால் அன்று, மனிதர் மலிவாகக் கிடைப்பதனால் அது மனிதரிடமே தங்கியிருக்கிறது. ரோபோ மனிதரின் வேலையைப் பறிக்கும் என்னும் வழக்கமான அச்சம் இவ்விடத்தில் பாதி உண்மையே. இங்கே ரோபோவின் வேலையை மனிதர் செய்துகொண்டிருக்கின்றனர். பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வரும் அவர்கள் ஒப்பந்தக்காரர் வழியாக எண்ணிக்கையாகவே அழைக்கப்படுகின்றனர். ஒருவர் போனால் மற்றொருவர். பல படிகள் என்னும் சைலான் கற்பனை இவ்விடத்தில் அறிபுனைவாகத் தோன்றுவதில்லை.

அவர்களைக் குறிக்கச் சுற்றுவட்டாரத்தில் வழங்கும் 'வடக்கன்' என்னும் சொல், 'டோஸ்டர்' செய்யும் வேலையில் ஒரு பகுதியைச் செய்கிறது. பல மொழி பேசும், பல மாவட்டத்து மனிதரை அது ஒரே மாதிரியாக்குகிறது. 2023 மார்ச்சில் தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவின. காவல்துறை மறுப்பு வெளியிட்டு வழக்குகள் பதிந்தது. பீகார் அரசு நேரில் அறிய ஒரு குழுவை அனுப்பியது. செய்தி பொய். அஞ்சி இரயில் நிலையங்களில் திரண்டவர்களின் அச்சம் பொய்யன்று. எவருடைய முகம் அயலாருடையது என்னும் கேள்வி ஒரு வாரகாலம் வெளிப்படையாகக் கேட்கப்பட்ட தருணம் அது. தமிழ் அறிபுனைவு எந்திரனுக்கு எப்போதும் தெரிந்த முகத்தையே, அதிலும் எல்லாருக்கும் தெரிந்த முகத்தையே தந்துவந்திருப்பதனால், அக்கேள்வியை அதனால் கேட்க இயலவில்லை. அயல் முகம் கொண்ட எந்திரன் ஒருவன் நம் கதையில் வேலைக்கு வந்தால் அவனுக்கு எந்தத் திணையில் வினைமுற்றுத் தருவது என்பது இன்னும் எவரும் எழுதிப்பார்க்காத சிக்கல்.

ஒரே முகம், வேறு பதிவேடு

கும்மிடிப்பூண்டிக்கு மற்றொரு முகவரியும் உண்டு. தமிழ்நாட்டிலுள்ள பெரிய இலங்கைத் தமிழர் முகாம்களுள் ஒன்று இங்கே அமைந்தது. வடமாநிலத் தொழிலாளியை முகத்தாலும் மொழியாலும் அயலார் என்று கொள்ளும் ஊரில், முகமும் மொழியும் ஒன்றாகவே இருந்தும் வேறு பதிவேட்டில் எழுதப்பட்டவர்கள் இவர்கள். அகதிகளை எந்திரத்தோடு ஒப்பிடுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. அவ்வாறு ஒப்பிடுவது தீங்கும் ஆகும். ஒப்பிடத்தக்கது பதிவேடு மட்டுமே. ஒருவர் நம்மவரா என்பதை எது தீர்மானிக்கிறது என்னும் வினாவை மறுதொடக்கத் தொடர் நெடிதாகவும் பொறுமையாகவும் ஆராய்ந்திருக்கிறது. அதன் மிகச் சிறந்த பகுதியும் அதுவே.

முதல் ஷேரன் தளபதியைச் சுட்டுக் கொலையுண்டபின், அதே முகம் கொண்ட மற்றொரு ஷேரன் கப்பலுக்கு வருகிறாள். ஹீலோ என்னும் மனித அதிகாரியின் குழந்தையை அவள் சுமந்திருக்கிறாள். முன்னவள் செய்த குற்றம் இவள் முகத்தில் எழுதப்பட்டிருப்பதாகவே அனைவரும் நடந்துகொள்கின்றனர். அவள் சிறைக்கூண்டில் அடைக்கப்படுகிறாள். அவள் பெற்ற குழந்தை இறந்துவிட்டதாகப் பொய் சொல்லி அரசே அதனை வேறொருவரிடம் வளர்க்கக் கொடுத்துவிடுகிறது. காலப்போக்கில் அவள் நம்பிக்கை பெறுவது எந்தச் சோதனையாலும் அன்று. செய்து முடித்த வேலையாலும், தளபதி அடாமா அவளோடு நீண்டநாள் நிகழ்த்திய உரையாடலாலும். அவள் சீருடை அணிந்து உறுதிமொழி ஏற்கிறாள். அல்குவிஸ்டை ரோபோக்கள் விட்டுவைத்த காரணம் இங்கே மறுபக்கத்திலிருந்து திரும்பி வருகிறது.

இக்கதைப்போக்கில் ஆட்சி நடைமுறை எழுப்பும் தடைகள் ஒவ்வொன்றும் பெயரோடு காட்டப்படுகின்றன: சிறை, உறுதிமொழி, பதவி, குழந்தையின் பிறப்பை மறைத்த ஆணை. 'எந்திர'னில் நீதிமன்றம் ஒருமுறை வருகிறது, கழற்ற ஆணையிடுகிறது, போய்விடுகிறது. சிட்டி குடிமகனா, உடைமையா, குற்றவாளியா என்னும் விசாரணை நிகழவே இல்லை. குற்றம் சாட்டப்பட்டு நிற்பவன் வசீகரன். சிட்டியிடம் பதிவாகியிருந்த காட்சி அவனை விடுவிக்கும் சான்றாகப் பயன்படுகிறது. சான்றுப்பொருளாகவும் தண்டனைக்குரியவனாகவும் ஒரே நேரத்தில் நிற்கும் அந்த முரணைத் திரைக்கதை கண்டுகொள்ளாமல் கடந்துவிடுகிறது.

அமெரிக்கத் தொடரின் விமானிகளுக்கு அழைப்புப் பெயர் உண்டு. இரண்டாம் ஷேரனுக்கு அப்பெயரைத் தளபதி வைப்பதில்லை. உடன் பறக்கும் விமானிகள் கூடிப் பேசி, சிரித்து, 'அதீனா' என்று தேர்கின்றனர். அதன்பின் முதல் ஷேரனையும் அவளையும் ஒருவரும் குழப்பிக்கொள்வதில்லை. முகம் ஒன்றாகவே இருந்தாலும். தமிழ்நாட்டு அரசு 2021 ஆகஸ்டில் இலங்கைத் தமிழர் அகதிகள் முகாம்களை 'மறுவாழ்வு முகாம்' என்று பெயர்மாற்றி அறிவித்தது. 2019ஆம் ஆண்டுக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் குறிப்பிடும் நாடுகளின் பட்டியலில் இலங்கை சேர்க்கப்படவில்லை.